உம்மும்மாட வளவும் 1863ஆம் ஆண்டுச் சட்டமும்

போன நோன்புப் பெருநாள் லீவுக்கு ஊருக்குப் போயிருந்த நேரம், எங்களில் ஒருத்தியின் வீட்டு வாசலில் பறை அடித்தார்கள். கல்யாணமும் இல்லை, கந்தூரியும் இல்லை. நீதிமன்றத்திலிருந்து வந்த ஒருவர், இந்த வளவை இன்ன திகதியில் நில அளவையாளர் அளக்க வருவார், உரிமை கேட்கிறவர்கள் வந்து நிற்கலாம் என்று உரத்து வாசித்தார். வேலியில் ஒரு தாளையும் கட்டிவிட்டுப் போனார். கல்முனைப் பக்கத்து ஒழுங்கைகள் எவ்வளவு ஒடுக்கம் என்று தெரிந்தவர்களுக்கு, அந்தப் பறைச் சத்தம் எத்தனை வீட்டுக்குள் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஊரே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

விசயம் இதுதான். கொழும்பில் இருக்கும் அவளுடைய பெரிய மாமா, வளவில் தனக்கிருந்த பங்கை வெளியூர் வியாபாரி ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டுவிட்டார். ஊர்ப் பேச்சில் 'பாட்டிசன் கேஸ்'. அவளுடைய உம்மா அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்வி: "நம்மட்ட ஒரு சொல்லுக் கேக்காம காக்கா எப்படி விக்கலாம்?"

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். சட்டம் படிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை விட்டுவிட முடியவில்லை. லைப்ரரியில் தேடினோம், தெரிந்த சட்டத்தரணிகளிடம் கேட்டோம், எங்கள் எங்கள் வீட்டு உறுதிகளையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தோம். கிடைத்த பதில் உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. விற்கலாம். கேட்காமலே விற்கலாம்.

இலங்கையில் ஒரு காணி பலருக்குச் சேர்ந்திருந்தால் அதற்குப் பொதுவாக ரோமன் டச்சுச் சட்டந்தான் ஓடும். அதன்படி, மூலையில் உள்ள கிணறு இன்னாருடையது, முன்பக்கம் இன்னாருடையது என்று கிடையாது. ஒவ்வொரு பிடி மண்ணிலும் எல்லோருக்கும் அவரவர் விகிதத்தில் பங்கு. உறுதியில் 'பிரிபடாத பங்கு' என்று எழுதுவார்களே, அது. அந்தப் பங்கை விற்க, ஈடு வைக்க, நன்கொடை கொடுக்க மற்றப் பங்காளிகளின் சம்மதம் வேண்டியதில்லை. பிரித்துத் தா என்று கேட்டு வழக்குப் போடும் உரிமையும் ஒவ்வொருவருக்கும் உண்டு, 140இல் 1 பங்கு வைத்திருப்பவருக்குக்கூட. 140 என்ற எண்ணை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை, கொஞ்சத்தில் அதற்கு வருகிறோம்.

முதலில் ஒரு விசயம் எங்களுக்கே புதினமாக இருந்தது. எங்கள் கரையில், மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும், பங்காளிச் சண்டை இப்படி வீட்டு வாசலுக்கு வருவது பழைய வழக்கமில்லை. இங்கே வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. கலியாணத்துக்கு முன்னமே வீட்டையும் வளவையும் மகளின் பெயருக்கு எழுதிவிடுவார்கள். மாப்பிள்ளை பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். ஆண்பிள்ளைகள் தங்கள் மனைவிமாரின் வீடுகளுக்குப் போவார்கள். உம்மாவும் வாப்பாவும் மூத்த மகளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவில் இன்னொரு சின்ன வீட்டைக் கட்டி அடுத்த மகளோடு குடியேறுவார்கள். 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் இதே ஒழுங்கு. தாய்வழிக் குடி முறை இரண்டு பக்கத்துக்கும் பொது. மட்டக்களப்பு முக்குவர் சட்டத்தைப் பற்றிப் பிரிட்டோ என்பவர் 1876இல் ஒரு நூலே வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால், அதே 1876இல் வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டந்தான் அந்த முக்குவர் சட்டத்தின் காலைத் தட்டிவிட்டது.

அந்தக் கட்டளைச் சட்டம் முஸ்லிம்களைத் தொடவில்லை. எங்களுக்கு 1806ஆம் ஆண்டிலேயே ஒரு தனிக் கோவை இருந்தது. 1852இல் அதைத் தீவு முழுக்க விரித்தார்கள். பிறகு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. ஒருவர் மரணசாசனம் எழுதாமல் மௌத்தானால், அவர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவரோ அதன்படி சொத்துப் போகும். எங்கள் பக்கம் ஷாபி. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு.

அப்படியென்றால் மகளுக்கு முழு வீடு எப்படிப் போனது? வாப்பா உயிரோடிருக்கும்போதே கொடுத்ததால். மௌத்துக்குப் பிறகு பிரிவதுதான் வாரிசுரிமை, முன்னர் கொடுப்பது ஹிபா, நன்கொடை. 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இதற்கு நல்ல வசதி செய்து வைத்திருக்கிறது. நன்கொடை உறுதியைப் பிள்ளையின் கையில் கொடுத்தாலே, காணியின் ஆட்சியையும் கையளித்ததற்கு அதைச் சான்றாக ஏற்கலாம். ஒரே கூரையின் கீழ் வாப்பாவும் மகளும் தொடர்ந்து வாழும் எங்கள் ஊர்களுக்கு, ஆட்சியை எப்போது யார் கையளித்தார் என்று நிரூபிப்பதைவிட இது எவ்வளவோ லேசு.

சீதனத்தைப் புகழ நாங்கள் வரவில்லை. ஒரு வீட்டைக் கட்டிக் கொடுக்க வாப்பாமாரும் காக்காமாரும் கட்டாரிலும் சவூதியிலும் எத்தனை வருடம் எரிந்தார்கள் என்று எங்கள் வீடுகளுக்கே தெரியும். ஆனால் சட்டக் கண்ணால் பார்த்தால் அந்த வழக்கம் ஒரு வேலையைச் செய்தது. கூட்டுச் சொத்து உண்டாகும் முன்னமே அதைப் பிரித்து வைத்தது. உறுதி எழுதியிருந்தால் மட்டும்.

எங்கள் சிநேகிதி வீட்டில் சறுக்கியது அங்கேதான். எல்லோரும் 'உம்மும்மாட வளவு' என்றுதான் சொல்வார்கள். உறுதியை எடுத்துப் பார்த்தால் அப்பாட பெயர் (உம்மாட வாப்பாவை நாங்கள் அப்பா என்போம்). மூத்த மகளுக்கு முன்வீட்டை உறுதி எழுதிக் கொடுத்தார். நடு மகளுக்கு வேறிடத்தில் காணி வாங்கிக் கொடுத்தார். பின்னால் மிஞ்சிய 14 பேர்ச்சும் கடைசி மகளுக்கு, அதாவது சிநேகிதியின் உம்மாவுக்கு, என்று வாய்ச்சொல். அவ அதில் வீடு கட்டி இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறா. உறுதி? "பிறகு எழுதுவம்" என்றார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்துக்கு வாய்ச்சொல் காது கேட்காது. காணி கைமாற வேண்டுமென்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு, எழுத்தில் இருக்க வேண்டும்.

இனிக் கணக்கு. அப்பா மௌத்தாகும்போது உம்மும்மாவும் இரண்டு ஆண்பிள்ளைகளும் மூன்று பெண்பிள்ளைகளும். மனைவிக்கு 8இல் 1. மீதி 7 பங்கில் மகன்மாருக்கு இரண்டிரண்டு, மகள்மாருக்கு ஒவ்வொன்று. அழகாக எட்டுக்குள் அடங்கிவிடுகிறது. உம்மும்மாவும் போன பிறகு அது 7இன் கணக்காகிறது: மகனுக்கு 7இல் 2, மகளுக்கு 7இல் 1. பிறகு சின்ன மாமா மௌத்தானார். அவருக்கு ஒரு மனைவி, ஒரே ஒரு மகள். மனைவிக்கு 8இல் 1, மகளுக்குப் பாதி. ஆண்பிள்ளை இல்லாததால் மிச்சமுள்ள 8இல் 3 கூடப்பிறந்தவர்களுக்குத் திரும்புகிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வகுக்கும் எண் 140. பெரிய மாமாவுக்கு 46, மூன்று சகோதரிகளுக்கும் தலா 23, மாமாட மகளுக்கு 20, மாமிக்கு 5.

14 பேர்ச்சில் இதைப் போட்டுப் பாருங்கள். மாமிக்கு அரைப் பேர்ச். அதாவது 136 சதுர அடி, ஒரு படுக்கையறை. இருபது வருடமாக அங்கே வாழும் உம்மாவுக்கு 2.3 பேர்ச். பெரிய மாமாட பங்கை வாங்கிய வியாபாரிக்கு 4.6 பேர்ச். முன்வீட்டை முழுசாகப் பெற்றுக்கொண்ட மூத்த பெரியம்மாவுக்கும் இதில் 2.3 பேர்ச் உண்டு. ஹிபா கொடுத்ததை வாரிசுப் பங்கில் கழிப்பதில்லை. "எனக்குத் தேவையில்ல, அவளுக்கே விடுறன்" என்று பெரியம்மா வாயால்தான் சொல்லியிருந்தா.

மூன்று மௌத்துக்குள் இவ்வளவு. இதற்காகத்தானே சட்டம் இருக்கிறது என்று நினைப்போம். பாகப்பிரிவினைச் சட்டத்தின் பிறப்பைப் பார்த்தால் கதை கொஞ்சம் வேறு.

முதல் முழுமையான சட்டம் 1863ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கப் பாகப்பிரிவினைக் கட்டளைச் சட்டம். கோப்பியும் தென்னையும் காசாகிக்கொண்டிருந்த காலம். காணி சந்தைக்கு வர வேண்டும், வாங்குபவருக்குச் சுத்தமான உரிமை வேண்டும். ஒரு ஊரே சேர்ந்து ஆளும் பரவணிக் காணி இதற்கு இடைஞ்சல். யாராவது ஒரு பங்காளி வழக்குப் போட்டால் நீதிமன்றம் பிரித்துக் கொடுக்கும், பிரிக்க முடியாவிட்டால் விற்றுக் காசைப் பங்கிடும் என்று வழி திறந்தார்கள். நடந்தது என்ன? தெற்கே மடகம என்ற சிங்களக் கிராமத்தைப் பற்றிக் கணநாத் ஒபேசேகர 1967இல் எழுதிய புத்தகத்தை நாங்கள் கல்முனையை நினைத்துக்கொண்டேதான் வாசித்தோம். வெளியார் வந்து ஒரு கஷ்டப்பட்ட பங்காளியிடம் சிறு பங்கொன்றை வாங்குவார்கள். அந்தப் பங்கு அவர்களுக்கு ஒரு திறப்பு மாதிரி. அதை வைத்து முழுக் காணியையும் நீதிமன்றக் கதவுக்குள் தள்ளலாம். வழக்குச் செலவு தாங்கக்கூடியவர் கையில் கடைசியில் காணி சேரும்.

சிநேகிதியின் வீட்டு வேலியில் கட்டிய தாளில் இருந்ததும் இதே திறப்புத்தான். ஊரும் வேறு, நூற்றாண்டும் வேறு.

வெளியார் உள்ளே வருவதைத் தடுக்கக் குடும்பத்துக்கு ஒரு வழியும் இல்லையா என்று தேடியபோது எங்களுக்குக் கோபம் வந்தது. வழி உண்டு, மற்றவர்களுக்கு. யாழ்ப்பாணத்தில் தேசவழமை ஓடும் காணியென்றால், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க முன்வாங்கல் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பங்கை விற்க நினைப்பவர் முதலில் கூட்டுப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும், அவர்கள் வாங்க முன்வந்தால் முன்னுரிமை அவர்களுக்கு. இந்தியாவில் 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம், 4ஆம் பிரிவு: பிரியாத குடும்பத்தின் குடியிருக்கும் வீட்டில் வெளியாள் பங்கு வாங்கி வழக்குப் போட்டால், அந்தப் பங்கை மதிப்பிட்ட விலைக்குக் குடும்பத்தார் தாங்களே வாங்கிக்கொள்ளலாம். இஸ்லாமியச் சட்டத்திலும் ஷுஃபா என்று இதே உரிமை இருக்கிறது. ஷாபி மத்ஹபில் அது அயலாருக்கில்லை, கூட்டுப் பங்காளிக்குத்தான். ஆனால் இலங்கைச் சட்டம் முஸ்லிம் சட்டத்தை எடுத்துக்கொண்டது வாரிசுரிமை, நன்கொடை, விவாகம் என்று துண்டு துண்டாக. ஷுஃபா அந்தத் துண்டுகளில் இல்லை. பிள்ளைகளுக்கு ஷாபியின்படி 140 பங்காக உடைக்கும் சட்டம், அதே ஷாபியில் இருக்கும் பாதுகாப்பை மட்டும் வெளியே விட்டுவிட்டது. 2:1 பற்றி மேடைகளில் எவ்வளவோ பேசுகிறோம். இதைப் பற்றி ஒருத்தரும் பேசிக் கேட்டதில்லை.

இந்தியாவை ரொம்ப மெச்சவும் வேண்டாம். அங்கே 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்றிருந்தது. குடும்ப வீட்டைப் பிரிக்கச் சொல்லிப் பெண் வாரிசு கேட்க முடியாது, ஆண்கள் பிரிக்கத் தீர்மானித்தால்தான் உண்டு. 2005இல்தான் அதை நீக்கினார்கள். இலங்கைப் பாகப்பிரிவினைச் சட்டத்தில் அப்படியொரு தடை இல்லை. தங்கச்சியும் வழக்குப் போடலாம், மாமியும் தன் அரைப் பேர்ச்சுக்குப் போடலாம்.

உம்மாவுக்குச் சாதகமாக இன்னொரு விசயமும் இருக்கிறது என்று முதலில் நினைத்தோம். இருபது வருடத்துக்கு மேல் தனியே இருந்திருக்கிறாவே! 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, சொந்தக்காரனுக்கு எதிராக 10 வருடம் தடையின்றி ஆண்டால் உரிமை கிடைக்கும். ஆனால் பங்காளிக்குப் பங்காளி அந்தக் கணக்கு அவ்வளவு லேசில்லை. 1911இல் 'கொரயா எதிர் அப்புஹாமி' என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. இறந்தவரின் காணியை வாரிசுகளில் ஒருவர் மட்டும் நெடுங்காலம் ஆண்டுவந்த வழக்கு. ஒரு பங்காளியின் ஆட்சி சட்டத்தின் கண்ணில் எல்லாப் பங்காளிகளின் ஆட்சிதான் என்று தீர்ப்பு வந்தது. மனதுக்குள் 'எல்லாம் எனக்கு' என்று நினைத்துக்கொண்டிருந்தால் போதாது, மற்றவர்களை வெளியே தள்ளியதாக ஒரு வெளிப்படையான செயல் வேண்டும். 1918இல் 'திலகரத்ன எதிர் பஸ்தியன்' வழக்கில் இங்கத்தைய உச்ச நீதிமன்றம் கதவைக் கொஞ்சம் திறந்தது. மிக நீண்ட காலம், விசேட சூழ்நிலை என்றால் அப்படித் தள்ளியதாக ஊகிக்கலாம்.

எங்களுக்குள்ளேயே இதில் சண்டை வந்தது. ஒருத்தன் சொன்னான், 1911ஆம் ஆண்டுத் தீர்ப்பு உம்மாவுக்கு அநியாயம் என்று. இன்னொருத்தி திருப்பிக் கேட்டாள்: வயல் காணிகளை யார் ஆளுகிறார்கள்? சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளில் வாப்பா விட்டுப்போன வயலைக் காக்காமார்தான் செய்கிறார்கள். போகத்துக்குப் போகம் இரண்டு மூட்டை நெல் ராத்தா வீட்டுக்கு வரும், சில போகம் வராது. ராத்தாவும் கேட்கமாட்டா, கேட்டால் உறவு முறிந்துவிடும். 10 வருடம் முடிந்ததும் வயல் காக்காவுக்கே என்று சட்டம் சொல்லியிருந்தால் எத்தனை ராத்தாமார் ஒரு சத்தமும் இல்லாமல் பங்கை இழந்திருப்பார்கள்? அந்த மௌனத்தை விட்டுக்கொடுத்ததாக எடுக்கமாட்டேன் என்று சொன்ன தீர்ப்பு அது. அந்த இரண்டு மூட்டை நெல்லும் பிறகொரு நாள் சாட்சி. நாங்கள் கடைசியில் அவள் பக்கந்தான் சேர்ந்தோம். உம்மாவின் வீட்டுக்கு அது உதவாவிட்டாலும்.

அரச காணியில் கதை வேறு. அங்கே கூட்டுச் சொத்தே வேண்டாம் என்றார்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் காணி உடையக்கூடாது என்பதற்காக ஒரு பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்கச் சொன்னார்கள். பெயர் குறிக்காமல் போனால் அட்டவணையின்படி போகும், அந்த அட்டவணையில் மகனுக்குப் பிறகுதான் மகள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் இது சின்ன விசயமில்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வந்துதான் அந்த ஆண் பெண் வரிசை போனது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகும் இதே மாதிரி ஒன்று நடந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேல் மௌத்து. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கடலோரத்துச் சீதன வீடுகள் உறுதியோடு சேர்ந்து போயின. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். மாற்றுக் காணியும் வீடும் கொடுத்தபோது பத்திரத்தில் கேட்டது 'குடும்பத் தலைவர்' யார் என்று. தலைமுறை தலைமுறையாக உம்மாவின் பெயரில் இருந்த வீடு, கரையிலிருந்து உள்ளே நகர்ந்தபோது பல குடும்பங்களில் வாப்பாவின் பெயருக்கு மாறிவிட்டது. அந்த வாப்பாமார் மௌத்தாகும்போது அந்த வீடுகளிலும் எட்டு, ஏழு, 140 என்ற கணக்கு ஆரம்பிக்கும். மகள்மாருக்கு இப்போதே எழுதி வைக்காவிட்டால்.

இப்போது அந்த வளவுக்கு வருவோம். இன்று ஓடுவது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டம். 1951ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வந்தது. வழக்கைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும், அளவையாளர் படம் வரைந்து அறிக்கை கொடுக்க வேண்டும். நீதிமன்றம் உரிமையை விசாரித்து யாருக்கு எவ்வளவு என்று இடைக்காலத் தீர்ப்பாணை, பிறகு பிரித்த வரைபடம், பிறகு இறுதித் தீர்ப்பாணை. இதெல்லாம் வருடக்கணக்கில் இழுபடும். 2.3 பேர்ச் துண்டை ஒரு வீட்டுக் காணியாக அங்கீகரிக்க மாட்டார்கள், நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் கேட்பதே 6 பேர்ச் அளவு. ஆகவே விற்பனைக்குத்தான் போகலாம். அப்போதும் முதலில் மதிப்பிட்ட விலைக்குப் பங்காளிகளுக்குள்ளே கேட்க விடுவார்கள், அதற்குப் பிறகுதான் பகிரங்க ஏலம். உம்மா கட்டிய வீட்டின் பெறுமதி உம்மாவுக்கு, அதை மற்றவர்கள் பங்கு கேட்க முடியாது. இது எங்களுக்குத் தெரியவந்தபோதுதான் அந்த வீட்டில் இரண்டு நாளைக்குப் பிறகு அடுப்பு எரிந்தது என்று சொல்லலாம்.

ஆனால் பயப்பட வேண்டிய இடம் 48ஆம் பிரிவு. தீர்ப்பாணை முழு உலகத்துக்கும் எதிராக முடிந்த முடிவு. பங்கு இருந்தும் வழக்குக்கு வராதவர், பெயர் விடுபட்டவர், வெளிநாட்டில் இருந்தவர், எல்லோருக்கும் கதவு அநேகமாகச் சாத்திக்கொள்ளும். நட்டஈடு கேட்டு வேறு வழக்குப் போடலாம், காணி திரும்பாது. அதனால்தான் அந்தப் பறையும் அந்தத் தாளும். ஆனால் பறைச் சத்தம் ஒழுங்கை முடியுமட்டுந்தான் கேட்கும், ரியாத் வரைக்கும் கேட்காது. "பொம்பிள கோட்டுக்குப் போறதா?" என்று வீட்டுக்குள் ஒரு குரல் எழும்பினால் ஒழுங்கை முடியுமட்டும்கூடக் கேட்காது. அன்றிரவே அந்தக் குரல் எழும்பியதை நாங்களே கேட்டோம். 'மாமா வழக்கைப் பார்த்துக்கொள்வார், நீ சும்மா இரு' என்றார்கள். எந்த மாமா? விற்றவரா, மௌத்தானவரா?

அளவை நடந்த நாள் நாங்கள் நாலு பேரும் போயிருந்தோம். மூத்த பெரியம்மா தன் 23 பங்கையும் தங்கச்சிக்கு எழுதிக் கொடுக்க நொத்தாரிசிடம் கேட்டுவைத்திருந்தா. வழக்கு நடக்கும்போது பங்கு எழுதுவதில் சிக்கல் இருக்கிறது, சட்டத்தரணியைக் கேளுங்கள் என்று அவர் திருப்பி அனுப்பியிருந்தார். வியாபாரி குடை பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றார். மரியாதையான மனுசன், எங்களுக்கும் சலாம் சொன்னார். அளவையாளர் சங்கிலியை இழுத்து முடித்ததும், கிணறு யார் கட்டினது, அந்த இரண்டு தென்னையும் யார் வைத்தது, வீடு யாருடையது என்று வரிசையாகக் கேட்டார். உள்ளேயிருந்து யாரோ ஆம்பிளைக் குரலில் பதில் சொல்லப் போனார்கள். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்து, கிணறு வாப்பா கட்டினது, தென்னை ரெண்டும் உம்மா வெச்சது, வீடு நான் கட்டினது என்றா. அவர் பெயரைக் கேட்டார். முழுப் பெயரையும் சொல்லி, எழுத்துக் கூட்டியும் சொன்னா.